தண்ணீரிலிருந்து தொடங்கு, பிள்ளை

ஒட்டாவா

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய கணக்கைக் கிடைத்த அன்றிரவே இரண்டு தடவை வாசித்தேன். அக்காவும் அத்தானும் கலியாணம் கட்டி 30 வருடமாவதை நீயும் தம்பியும் ஸ்காபரோவில் மண்டபம் எடுத்துச் செய்யப் போகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். சாப்பாடு, கேக், படம் எடுப்பவர் எல்லாம் வடிவாக யோசித்திருக்கிறாய். குடிவகைக் கணக்கில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் மணித்தியாலத்துக்கு ஆளுக்கு இரண்டு, பிறகு மணிக்கு ஒன்று, 4 மணித்தியாலத்துக்கு 5, 200 பேருக்கு 1,000 என்று எழுதியிருக்கிறாய். அந்த முறை பிழையில்லை. ஆனால் அது குடிக்கிற ஆக்களை மட்டும் எண்ணிப் பெருக்குவதற்கான முறை. உன்னுடைய 200 பேருக்குள் உன் அப்பம்மாவும் இருக்கிறார், தம்பியின் கைக்குழந்தையும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் நான் ஒருமுறை பெரிய பிழை விட்டவன். 1998இல் என் மூத்த மகளின் சாமத்தியவீட்டை ரொறன்ரோவில் செய்தபோது, சபையில் ஒரு குறையும் வரக்கூடாது என்ற ஒரே பயத்தில் 24 போத்தல் விஸ்கி வாங்கினேன். மேசைக்கு ஒன்றாக வைத்தோம். தண்ணீரும் சோடாவும் மண்டபத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யூலை மாதம், நல்ல வெக்கை. இரவு 9 மணிக்குள் குடிதண்ணீர் முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவைத் தேடிப் போனால், அவர் சுவரோரம் ஒரு கதிரையில் வெறும் கடதாசிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார். கோப்பையின் விளிம்பு நனைந்து மடிந்திருந்தது. சீனி வருத்தக்காரி, கொக்கோகோலா குடிக்க முடியாது. கழுவுமிடத்துக் குழாயில் பிடித்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்து மேசையில் பாதி குடித்த விஸ்கிப் போத்தல் நின்றது.

அதனால் சொல்கிறேன், குடிக்காதவர்களை முதலில் எண்ணு. பட்டியலைப் பெயர் பெயராகப் பார். நீ எழுதியபடி 45 பேர் 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். மிச்சம் 155. நீ குறித்திருக்கும் ஆகஸ்ட் சனிக்கிழமை நல்லூர்த் திருவிழாவுக்குள் விழுகிறது, கவனித்தாயா? கொடியேறினால் 25 நாளும் மச்சம் தொடாத குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று அக்காவைக் கேள். மற்ற நாளில் மூன்று கிளாஸ் எடுக்கிற உன் பெரிய மாமாவும் அந்த நாட்களில் தண்ணீரோடு நிற்பார். வயதானவர்கள், மருந்து எடுக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், கர்ப்பிணிகள், பழக்கமே இல்லாதவர்கள் எல்லோரையும் கழித்தால், என் மதிப்பில் 70 பேர்தான் குடிப்பார்கள். பெண்களை முழுதாகக் கழித்துவிடாதே. உன் வயதுப் பிள்ளைகள் வைன் எடுப்பார்கள், தாய்மாருக்கு முன்னால் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த 70 பேரும் ஒரே மாதிரிக் குடிக்கிறவர்கள் அல்ல. மரியாதைக்கு ஒன்றை எடுத்து இரவு முழுக்கக் கையில் வைத்திருப்பவர்கள் 20 பேர் என்று வை. மூன்று எடுப்பவர்கள் 30 பேர். ஆறு வரை போகிறவர்கள் 20 பேர். 20, 90, 120. மொத்தம் 230. நீ போட்ட ஆயிரத்தில் கால்வாசியும் இல்லை. எங்கள் ஆக்களிடம் அதில் பாதி விஸ்கி, பிறண்டி பக்கம் போகும். 70 பியர், 45 கிளாஸ் வைன் என்று பிரித்தால் சாராய வகைக்கு 115 வரும்.

கனடாவில் ஒரு அளவு என்றால் 40 சதவீதச் சாராயத்தில் 43 மில்லிலீற்றர், 12 சதவீத வைனில் 142, 5 சதவீத பியரில் 341 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று. மூன்றிலும் இருக்கும் மதுசாரம் ஏறக்குறைய ஒன்றுதான். பியர்தானே என்று சொல்லுகிறவர்களுக்கு இதை நீ சொல்லலாம். ஆனால் எங்கள் மாமாமார் கையால் ஊற்றினால் 43 ஆக இருக்காது, 60க்குப் போகும். அதை வைத்தே 115ஐப் பெருக்கினால் 6.9 லீற்றர். 1.14 லீற்றர்ப் போத்தல் 7 வாங்கு, ஐந்து விஸ்கி, இரண்டு பிறண்டி. அதற்குள் கிட்டத்தட்ட 8 லீற்றர் இருக்கிறது. வைன் போத்தலுக்கு 5 கிளாஸ் என்றால் 9 போதும், 12 எடு. வெக்கைக்கு வெள்ளை வைனைக் கூட்டி எடு. பியர் 24 உள்ள பெட்டி மூன்று சரியாக வரும், நாலாவதையும் ஏற்றிக்கொள்.

இந்தக் கூடுதலை ஏன் துணிந்து சொல்கிறேன் என்றால், எல்சிபிஓ மதுக்கடையில் வாங்கினதைத் திறக்காமல், ரசீதோடு 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். திரும்ப விற்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஐஸ் தொட்டிக்குள் அமிழ்த்திவிட்டால் லேபிள் ஊறிக் கழன்றுவிடும், பிறகு அந்தப் போத்தல் உன்னுடையதுதான். பாதியை மட்டும் குளிரவை. ஐஸோடு தண்ணீரும் ஊற்று, அப்போதுதான் எல்லாப் பக்கமும் குளிர் பிடிக்கும். அரை மணித்தியாலத்தில் அடுத்த பாதி ஆயத்தமாகிவிடும்.

மேசைக்கு ஒரு போத்தல் வைக்கவே வேண்டாம். உன் சித்தப்பாமார் கட்டாயம் கேட்பார்கள், அதுதான் மரியாதை என்பார்கள். 20 மேசைக்கு 20 போத்தல், எல்லாம் மூடி திறந்தவை, எதையும் திருப்ப முடியாது. குடிக்கிற மேசையில் 8 மணிக்கே முடிந்து இன்னொன்று கேட்பார்கள். குடிக்காத மேசையில் அது பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். அதோடு, தான் எத்தனை குடித்தேன் என்பது ஊற்றிக் குடிக்கிறவருக்கே தெரியாது. ஒரு மூலையில் ஒரே இடமாக வை. ஸ்மார்ட் சேர்வ் என்ற மது பரிமாறும் பயிற்சி எடுத்த ஒருவரைச் சம்பளத்துக்குப் பிடி. சொந்தக்காரப் பொடியனை நிறுத்தினால் பெரியவர்கள் கேட்கும்போது அவனால் இல்லை என்று சொல்ல முடியாது. அவனை அந்த இக்கட்டில் விடாதே.

வாங்கப் போகும் முன் மண்டபக்காரரிடம் ஒரு கேள்வி கேள்: அவர்களுக்குச் சொந்த மதுபான உரிமம் இருக்கிறதா? இருந்தால் நீ வெளியிலிருந்து போத்தல் கொண்டுபோக முடியாது, அவர்களிடமே எடுக்க வேண்டும். அப்போது என்னுடைய 230ஐ வைத்து விலை பேசு. தலைக்கு இவ்வளவு என்று 200 பேருக்கும் கேட்டால் ஒத்துக்கொள்ளாதே, பிள்ளைகளுக்கும் விரதக்காரருக்கும் நீ ஏன் விஸ்கிக் காசு கட்ட வேண்டும்? உரிமம் இல்லாவிட்டால், ஒன்ராறியோவின் சிறப்பு நிகழ்வு அனுமதிப்பத்திரத்தை முன்கூட்டியே எடுத்து, அதன் கீழ் வாங்கு. ரசீதுகள் அன்றிரவு மண்டபத்தில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் வாங்கிவந்த போத்தல்களைச் சபைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று வீட்டு ஆக்களுக்கு முதலே சொல்லிவை.

இனித் தண்ணீர். ஆளுக்கு அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு, ஆக 400. 24 உள்ள கட்டு 17 எடுத்தால் சரி. மிஞ்சினால் வீட்டுக்குப் போகும், கெடாது. குளிர்பானம் குடிக்கிறவர்கள் 45 பிள்ளைகளும் 85 பெரியவர்களும். பிள்ளைகளுக்கு மூன்று கோப்பை, பெரியவர்களுக்கு இரண்டு, மொத்தம் 305. கோப்பைக்கு 200 மில்லிலீற்றர் என்றால் 61 லீற்றர். விஸ்கிக்குள் ஊற்றும் சோடா, இஞ்சிச் சோடா, கோலாவுக்கு இன்னும் 17 லீற்றர் போகும். ஆக 2 லீற்றர்ப் போத்தல் 40. கலக்குவதற்கான இந்த 17 லீற்றரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கலக்கிறவர்கள் பிள்ளைகளின் பங்கை எடுத்துவிட, 9 மணிக்கு ஒரு சின்னப் பிள்ளை வெறும் கோப்பையோடு நிற்கும். 40இல் குறைந்தது பத்துச் சீனி இல்லாததாக இருக்கட்டும், அதைத் தனியாக, எழுத்துப் பெரிதாகத் தெரியும்படி வை. கொஞ்சம் நெக்டோவும் கிறீம் சோடாவும் தமிழ்க் கடையில் எடு. ஊரில் கலியாண வீட்டில் நெக்டோ குடித்து வளர்ந்தவர்கள் அதன் சிவப்பு நிறத்தைக் கண்டதுமே முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐஸ் தலைக்கு அரைக்கிலோ. 100 கிலோ, அதாவது 2.7 கிலோப் பை 37. மண்டபத்தில் ஐஸ் இயந்திரம் இருந்தால் பாதி போதும், ஆனால் அது வேலை செய்கிறதா என்று நேரில் பார். 10 மணிக்கு இஞ்சித் தேத்தண்ணியும் பால் தேத்தண்ணியும் வரட்டும். 120 கோப்பைக்கு 18 லீற்றர் வேண்டும்.

அந்தத் தேத்தண்ணி வெறியை இறக்காது. அதை யாரும் நம்பிவிடக் கூடாது. உடம்பு ஒரு அளவை எரிக்கக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் எடுக்கும், பலருக்கு அதைவிடக் கூட. கோப்பியோ குளிர்ந்த தண்ணீரோ அதை விரைவுபடுத்தாது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வந்தால் குற்றவழக்கு. ஒன்ராறியோவில் 50 வந்தாலே லைசென்சைப் பிடித்துவைப்பார்கள். 22 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் ஜி1, ஜி2 லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் ஒரு துளியும் எடுத்துவிட்டு ஓட்ட முடியாது, இதை உன் மச்சான்மாருக்குப் பெயர் சொல்லிச் சொல். சாராயத்தை 10:30க்கு நிறுத்து, ஆட்டம் 12 வரை நடக்கட்டும். வாகனத்தரிப்பிடத்தில் கார் டிக்கியைத் திறந்து வைத்துக் குடிக்கிற பழக்கம் எங்கள் ஆக்களிடம் இருக்கிறது. வாகனத்துக்குள் கைக்கு எட்டும் இடத்தில் திறந்த போத்தல் இருப்பதே இங்கே குற்றம். தம்பியும் இரண்டு பெரியவர்களும் இடைக்கிடை வெளியே போய்ப் பார்க்கட்டும். டாக்ஸிக்கென்று ஒரு கடித உறையில் காசு போட்டுவை. நீ வாங்க நினைத்த விஸ்கியில் இரண்டு போத்தலைக் குறைத்தால் அந்த உறை நிரம்பிவிடும்.

1998இல் அந்த இரவு முடியும்போது ஒருவர் தள்ளாடித் தள்ளாடித்தான் காருக்குப் போனார். நான் கதவடியில் நின்றேன். கூடப்பிறவாத அண்ணன் மாதிரியானவர், சபைக்கு முன்னால் திறப்பைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் விடியும்வரை தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். காலை 7 மணிக்கு அவர் மனைவி எடுத்து, பலகாரம் நல்லாயிருந்தது என்று சொன்னபோதுதான் என் கை நடுக்கம் நின்றது. அவரிடம் திறப்பைக் கேட்காமல் விட்டதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. உன் விழாவில் அந்த வேலையை என்னிடம் விடு. யாரிடமும் கேட்பேன், அத்தானிடமானாலும்.

நான் சனிக்கிழமை 2 மணிக்கு வானோடு வந்துவிடுவேன். ஐஸை நானே ஏற்றி வருகிறேன், முதல் நாளே வாங்கி வைக்காதே. தண்ணீரையும் குளிர்பானத்தையும் வாசலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் ஒரு நீள மேசையில் அடுக்குங்கள், வயதானவர்கள் நடக்காமல் எடுக்கக்கூடிய மாதிரி. அதற்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டுவை.

அன்புடன்,
மாமா