யோசேப்பை ஏற்றிச் சென்றவர்கள்

ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் தம்பியை விற்ற சகோதரர்மீதே நமக்குக் கோபம் வருகிறது. இருபது வெள்ளிக் காசுக்கு அவனை வாங்கி, பிசினும் தைலமும் சுமந்த ஒட்டகங்களோடு எகிப்துக்குக் கொண்டுபோனவர்களை நாம் நினைப்பதில்லை. அந்த ஒட்டகங்கள் அவ்வழியே வராதிருந்தால் அன்று விற்பனையே நடந்திராது.

மனித வியாபாரம் இன்றும் அப்படித்தான். ஆசைகாட்டி அழைப்பவன் ஒருவன், வேலை வாங்குபவன் இன்னொருவன். இடையில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் ஓட்டுகிறவர்கள் ஒன்றுமறியாமலே துணைபோய்விடுகிறார்கள். 2006இல் நமது தண்டனைச் சட்டக்கோவை 16ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது, ஒருவரை ஏமாற்றியோ வற்புறுத்தியோ சுரண்டலுக்காக ஏற்றிச் செல்வதும் குற்றமாக எழுதப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையானால் ஏமாற்றினார்கள், வற்புறுத்தினார்கள் என்று காட்ட வேண்டியதுமில்லை.

நமது பங்குகளில் பஸ் சாரதிகளும் நடத்துநர்களும் பலர். ஒருவர் என்னிடம், “சுவாமி, ரிக்கெற் எடுத்த ஆக்கள் எல்லாரும் எங்களுக்குப் பயணிகள்தான். ஆற்றை பிள்ளை எண்டு நாங்கள் என்னெண்டு கேக்கிறது?” என்றார். நியாயமான கேள்விதான். மருமகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு மாமியை பஸ் நடுவே விசாரித்தால் எவ்வளவு அவமானம்!

ஆனாலும், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புவரை ஓர் இரவு முழுதும் அந்தப் பிள்ளையோடு ஒரே வண்டியில் இருப்பவர் நடத்துநர்தான். எங்கே இறங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் பக்கத்திலிருப்பவரே பதில் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாத நாலைந்து இளம் பிள்ளைகளுக்கு ஒரே ஆள் காசு கொடுக்கிறார். அடையாள அட்டைகளும் கைத்தொலைபேசிகளும் அவர் கையிலேயே இருக்கின்றன. இவற்றில் ஒன்றைமட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. தேநீருக்காக வண்டி நிற்கும்போது, “எங்கை தங்கச்சி போறீர்? ஆர் கூப்பிட வருவினம்?” என்று சாதாரணமாகக் கேட்கலாம். பதிலைவிட, பதில் சொல்லுமுன் அவள் யாரைப் பார்க்கிறாள் என்பதே முக்கியம்.

ஆபத்து சிறுமிகளுக்கு மட்டுமல்ல. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைக்கப்பட்ட இலங்கை இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவதிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டது 2023, 2024ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அப்படிப் போகும் பிள்ளையோடு ஊரவராகக் கடைசியாகப் பேசுபவர் பெரும்பாலும் கட்டுநாயக்காவுக்கு வான் ஓட்டும் சாரதியே. “தம்பி, வேலைக்கெண்டு போறீர், ஏன் சுற்றுலா விசா? பணியகத்திலை பதிஞ்சீரோ?” என்று அவர் கேட்டால் போதும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம் 1989. விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே அழைத்து விசாரிக்கலாம்.

சந்தேகம் வலுத்தால் பிள்ளையை இறக்கி வைக்கவோ, கூட வந்தவரோடு சண்டைபிடிக்கவோ வேண்டாம். விஷயம் வெளிப்பட்டது தெரிந்தால் அவர் அடுத்த தரிப்பிடத்தில் பிள்ளையோடு இறங்கி மறைந்துவிடுவார். பஸ் இலக்கம், இருக்கை, இறங்கப்போகும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிள்ளையானால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929இலும், பெரியவரானால் பொலிஸுக்கு 119இலும் சொல்ல வேண்டும்.

அந்த நடத்துநர் 1929ஐச் சட்டைப்பையிலிருந்த சிறு கொப்பியில் எழுதிக்கொண்டார். “பிழையாப் போனால், சுவாமி?” என்று கேட்டார். பிழையாய்ப் போனால் ஒரு மாமி சில நிமிடம் பதில் சொல்ல நேரும், அவ்வளவுதான் என்றேன்.