ஒன்பதா, இருபதா?

கேள்வி: ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளி வானியல் மன்றத்தில் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. குவியத் தூரம் 1200 மி.மீ. கூடவே வந்த 25, 10 மி.மீ. ப்ளோசல் ஐபீஸ்கள்தான் கையில் உள்ளவை. குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். அகலமாகக் காட்டும் 66 டிகிரி ஐபீஸ் ஒன்று வாங்க ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். 20 மி.மீ. வாங்கலாமா? கண்ணாடி போட்ட பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை.
– ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: 20 வேண்டாம், 9 மி.மீ. வாங்குங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். ஐபீஸ் காட்டும் கோணத்தை அந்த உருப்பெருக்கத்தால் வகுத்தால், வானத்தில் எவ்வளவு அகலம் தெரியும் என்பது கிடைக்கும். உங்களிடம் இருக்கும் 25 மி.மீ. ப்ளோசல் 48 மடங்கு பெருக்குகிறது. அதன் கோணம் 52 டிகிரி என்று வைத்தால், வானில் 1.08 டிகிரி தெரியும். 20 மி.மீ., 66 டிகிரி ஐபீஸ் 60 மடங்கு பெருக்கும்; தெரிவது 1.1 டிகிரி. அதே வானத்துண்டைத்தான் கொஞ்சம் பெரிதாகக் காட்டும். பணம் கொடுத்துப் புதிதாக ஒரு விண்மீன்கூட உள்ளே வராது.

வில்லைகளின் தரத்திலும் வேறுபாடு உண்டு. எஸ்விபோனியும் வேறு பல பெயர்களும் தாங்கி வரும் இந்த மலிவு வரிசை 6, 9, 15, 20 மி.மீ. என்று நான்காக விற்கப்படுகிறது. தோற்றத்தில் அண்ணன் தம்பிகள்தான். உள்ளே அப்படி இல்லை. 6, 9 இரண்டிலும் முன்புறத்தில் ஒரு குழிவில்லைத் தொகுதி இருக்கிறது. அது உள்ளே வரும் ஒளிக்கூம்பின் சரிவைக் குறைத்துவிட்டுப் பின்னால் உள்ள வில்லைகளுக்கு அனுப்புகிறது. ஓரத்து விண்மீன்கள் ஓரளவு புள்ளியாகவே நிற்பதற்கும், கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க முடிவதற்கும் அதுதான் காரணம். அப்போலோ நிலவுக்கலப் பயிற்சிக் கருவிக்குக் காட்சி ஒளியியல் வடிவமைத்த ஆல் நாக்லர், 1980 வாக்கில் தம் 82 டிகிரி ஐபீஸில் இந்த உத்தியைத்தான் உச்சத்துக்குக் கொண்டுபோனார். 15, 20 மி.மீ. ஐபீஸ்களில் அது இல்லை. உங்கள் எஃப்/8 (குவியத் தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு) தொலைநோக்கியில் அவற்றின் குறை கொஞ்சம் மறையும். எஃப்/5 வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் 20-ஐப் போட்டால் ஓரத்து விண்மீன்களெல்லாம் சிறகு முளைத்துத் தெரியும். அவர்கள் தொடவே வேண்டாம்.

9 மி.மீ. உங்களுக்கு 133 மடங்கு தரும். வானில் ஏறக்குறைய அரை டிகிரி. நிலா முழுப் பார்வையையும் நிறைத்து நிற்கும், ஓரம் மட்டும் இழை அளவு வெட்டுப்படும். உங்கள் 10 மி.மீ. ப்ளோசலில் கண்ணிமை வில்லையில் இடிக்கும். கண்ணாடியைக் கழற்றாமல் முழு வட்டமும் தெரியாது. 9-இல் கண்ணாடியோடே பார்க்கலாம். ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: கண்ணை மிக அருகே கொண்டுபோனால் நடுவில் கறுப்பு நிழல் ஓடும். முதல் தடவை பார்க்கும் குழந்தை "ஒண்ணுமே தெரியலை மிஸ்" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கொஞ்சம் பின்வாங்கச் சொன்னால் படம் திறந்துகொள்ளும்.

டாப்சோனியனில் மோட்டார் இல்லை. வானநடுவரையில் இருக்கும் விண்மீன் நிமிடத்துக்குக் கால் டிகிரி நகர்கிறது. 9-இன் அகலத்தைக் கடக்க அதற்கு 2 நிமிடம் ஆகும். ஒமேகா சென்டாரி தெற்கே தள்ளி இருப்பதால் ஏறக்குறைய 3 நிமிடம் எடுத்துக்கொள்ளும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் நாலைந்து பேர் குழாயைத் தொடாமலே பார்த்துவிட்டுப் போகலாம். பள்ளித் தொலைநோக்கிக்கு அகலப் பார்வை வேண்டும் என்று நான் சொல்வதே இதற்காகத்தான்.

ஒமேகா சென்டாரிக்கு வருவோம். ஏற்காடு ஏறத்தாழ 11.8 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் அது தெற்கில் 31 டிகிரி உயரம் வரை ஏறும். டெல்லிக்காரர்களுக்கு 14 டிகிரிதான். இந்தத் தெற்கு வானத்தையும் மனத்தில் வைத்தே வானியலாளர் வைணு பாப்பு வான்நோக்கு நிலையத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்; 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. உங்கள் மலை காவலூரைவிட இரண்டு மடங்கு உயரம். ஆனால் உங்களுக்கு ஒரு தொல்லை உண்டு: சேலம். நகரம் மலைக்குத் தெற்கே, சற்று மேற்கே விலகி, அடிவாரத்திலேயே விரிந்து கிடக்கிறது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் காலடியில் விளக்குக் கடல். அங்கே தொலைநோக்கியை வைக்காதீர்கள்.

ஏப்ரல் நடுவில் ஒமேகா சென்டாரி நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பாருங்கள். அப்போது உயரம் 25 டிகிரி இருக்கும். திசை நேர்தெற்கிலிருந்து கிழக்கே 22 டிகிரி. சேலத்தின் ஒளியிலிருந்து நன்றாக விலகியிருக்கும், பிள்ளைகளும் தூங்கப் போக நேரமாகாது. 25 மி.மீ. போட்டுத் தேடுங்கள், கிடைத்ததும் 9-ஐ மாட்டுங்கள். 25-இல் ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை 3 மி.மீ.க்கு மேல், 9-இல் 1.1 மி.மீ. கற்றை சுருங்கச் சுருங்க வானத்தின் சாம்பல் நிறம் இருண்டுபோகும். விண்மீன்கள் புள்ளிகளாகவே இருப்பதால் அந்த அளவுக்கு மங்குவதில்லை. நகர ஒளியோடு மல்லுக்கட்டும் மலையில் இது பெரிய லாபம். பஞ்சுப்பொதி போல இருந்தது மணல் மணலாகப் பிரியும்.

மிச்சப் பணம் கூடினால் பிற்பாடு 32 மி.மீ. ப்ளோசல் ஒன்று வாங்கி வையுங்கள். 1.25 அங்குலக் குழாயில் இதைவிட அகலமாக வானத்தைக் காட்ட வழியில்லை. 1.4 டிகிரி வரும், கார்த்திகைக் கூட்டத்தின் முக்கிய விண்மீன்கள் ஒன்றாக உட்காரும். அகலத்துக்கு மலிவான வழி அதுதான்.

மூடுபனி இறங்கும் ஊர் உங்களுடையது. பார்த்து முடித்ததும் ஈரமான ஐபீஸை மூடி போட்டுப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். அறைக்குள் திறந்து வைத்து ஈரம் காய்ந்த பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் அது வில்லைப் பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்துப் பயனில்லை. தூசியை ஊதுகுமிழால் ஊதினால் போதும், சேலைத் தலைப்பு வேண்டாம்.