நுரைக்கும் ஒயினின் பிறப்பிடம் எது?

கேள்வி: ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் டோம் பெரின்யோன் என்னும் துறவி என்பது உண்மையா?

பதில்: உண்மையன்று. 1668 முதல் 1715இல் இறக்கும் வரை, பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்திலுள்ள ஓவில்லே மடத்தின் ஒயின் நிலவறைக்குப் பொறுப்பேற்றிருந்த அத்துறவி, பல தோட்டங்களின் திராட்சைகளைத் தெரிந்தெடுத்துக் கலப்பதில் வல்லவராக இருந்தார்; ஆனால் அக்காலத்தில் குறையாகக் கருதப்பட்ட நுரையைத் தவிர்க்கவே முயன்றார். குளிர் முன்கூட்டியே வரும் அவ்வட்டாரத்தில், சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆல்கஹாலாக மாற்றும் நொதித்தல் பாதியில் நின்று, வசந்தத்தின் வெப்பத்தில் மீண்டும் தொடங்கும். அப்போது ஒயின் மூடிய பாட்டிலில் இருந்தால், வெளியேற வழியற்ற கரியமில வாயு அதிலேயே கரைந்து, பின்னர்த் திறக்கும்போது குமிழிகளாக எழும்; அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்த பாட்டில்கள் ஏராளம்.

நிலக்கரி உலையில் உருக்கிய உறுதியான கண்ணாடி இங்கிலாந்தில் கிடைத்தமையால், நுரையை விரும்பிச் சுவைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஒயினில் சர்க்கரை சேர்த்து அதை நுரைக்கச் செய்யும் முறையைக் கிறிஸ்டோபர் மெரெட் என்னும் அறிஞர் 1662இல், அதாவது பெரின்யோன் ஓவில்லேயில் பொறுப்பேற்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தார்.

கேள்வி: இத்தாலியின் நுரைக்கும் ஒயினான புரோசெக்கோ ஷாம்பெய்னைவிட மலிவாக விற்பது ஏன்?

பதில்: நுரையை உண்டாக்கும் இரண்டாம் நொதித்தல் நடக்கும் இடமே முதன்மைக் காரணம். ஷாம்பெய்னில் அது ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் நடைபெறுகிறது. ஒயின் குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் இருந்த பிறகே விற்பனைக்கு வரும். அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலைப் பாட்டிலின் கழுத்துக்குக் கொண்டுவந்து உறையவைத்து வெளியேற்றவும் வேண்டும். 1872இல் ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஜோசப் ரவெந்தோஸ் மேற்கொண்டதும், இன்று காவா எனப்படும் ஒயினுக்கு அடிப்படையானதும் இம்முறையே. இத்தாலியரான ஃபெடரிகோ மார்டினோட்டி 1895இல் காப்புரிமை பெற்று, பிரெஞ்சுக்காரரான யூஜின் ஷார்மா 1907இல் செம்மைப்படுத்திய மற்றொரு முறையிலோ, அழுத்தம் தாங்கும் பெரிய தொட்டியில் மொத்தமாக நொதிக்கவைத்து வடிகட்டிய பின்னரே பாட்டிலில் நிரப்புவதால், மாதக்கணக்கான காத்திருப்பும் கூலியும் மிச்சமாகின்றன. புரோசெக்கோவின் பெரும்பகுதி இவ்வாறு உருவாவதே.

சந்தையும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. 2022இல் சுமார் 32.6 கோடி பாட்டில்கள் விற்ற ஷாம்பெய்ன் 2024இல் ஏறத்தாழ 27.1 கோடியாகச் சரிந்தது. புரோசெக்கோவோ ஆண்டுக்கு 60 கோடிப் பாட்டில்களைக் கடந்துவிட்டது. இதற்கிடையே, புவி வெப்பமடைவதால், ஷாம்பெய்ன் வட்டாரத்தைப் போன்றே சுண்ணாம்பு மண் கொண்ட தென் இங்கிலாந்திலும் திராட்சை நன்கு பழுக்கிறது. டெய்டாங்கே என்னும் ஷாம்பெய்ன் நிறுவனம் 2015இல் அங்குள்ள கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கியது இதனை உணர்ந்தே.

ஆகவே நுரைக்கும் ஒயின் தனியொருவரின் கண்டுபிடிப்பன்று; குளிரும் கண்ணாடியும் பல நாட்டவரின் உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய பொருள் அது.