முவைலாவில் ஓடலாம் வாங்க!

உடல்நலப் பகுதி

சென்ற இதழில் சர்க்கரை நோய்க்கான உணவு முறை பற்றிப் பார்த்தோம். அதன் தொடர்ச்சியாக இந்த இதழில் ஓட்டப் பயிற்சி பற்றியும், நம் முவைலாவைச் சுற்றி ஓடுவதற்கு ஏற்ற அழகான பாதைகள் பற்றியும் பார்ப்போம்.

"முவைலாவில் எங்கே சார் ஓடுவது? ஒரு பக்கம் ஷேக் முகமது பின் சாயித் சாலை, மறு பக்கம் மணல்" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, அலுவலகத்தில் மறுபடி லிஃப்டில் ஏறும் வாழ்க்கை நமக்குப் பழகிவிட்டது. பிள்ளைகளும் வாசலில் ஸ்கூல் பஸ் ஏறி வாசலிலேயே இறங்குகிறார்கள். தெற்காசியர்களாகிய நமக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே, அதிகம் பருமன் இல்லாவிட்டாலும் வருகின்றன. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே நமக்கு எச்சரிக்கை மணிதான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் ஓட்டம் போன்ற கடினமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம்.

வழியை எப்படி அமைப்பது?

நெதர்லாந்தின் கிராமப்புறங்களில் நடைபாதைகள் சந்திக்கும் இடங்களில் எண் போட்ட பலகை வைத்திருப்பார்கள். அந்த எண்களைக் கோத்து அவரவர் தமக்கு வேண்டிய வழியை அமைத்துக்கொள்கிறார்கள். இங்கே அப்படிப் பலகைகள் இல்லை. ஆனால் அந்த யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தாளில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களை வரையுங்கள். தண்ணீர் கிடைக்கும் இடம், நிழல் உள்ள இடம், உட்காரும் இடம், டாக்சி நிற்கக்கூடிய இடம் ஆகியவற்றுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். பள்ளிவாசல்களின் வெளியே பலருக்கும் உதவும் குளிர்நீர்க் குழாய்கள் இருக்கும். மூலைக்கு மூலை குரோசரி இருக்கிறது. ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்குப் பத்து நிமிடத்துக்குள் நடந்து போக முடிய வேண்டும். நாங்கள் சொல்ல விரும்பும் முக்கியமான பாடம் இதுதான்: இந்த ஊரில் ஓடும் வழியைத் தூரத்தை வைத்து அமைக்காதீர்கள், நிற்கும் இடங்களை வைத்து அமையுங்கள்.

ஐந்து பாதைகள்

1. முவைலாவின் உள்தெருக்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது. சொந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு இரண்டு வட்டம். உடம்புக்கு முடியாவிட்டால் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளிகள் நிறைந்த பகுதி என்பதால் வேலை நாட்களில் ஸ்கூல் பஸ்கள் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். 2022 முதல் ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் அந்த மூன்று காலைகளும் அமைதியாக இருக்கும். அல்ஜாதா பக்கம் நடைபாதைகள் அகலமானவை.

2. பல்கலைக்கழக நகரம்: ஈச்ச மரங்களும் புல்வெளிகளும் மாடங்கள் வைத்த கட்டடங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி. இங்குள்ள இரு பெரிய பல்கலைக்கழகங்களும் 1997இல் தொடங்கியவை. பொது நடைபாதையிலேயே ஓடுங்கள். வளாகங்களுக்குள் போக வேண்டுமானால் காவலாளியிடம் அனுமதி கேட்க வேண்டும். கொண்டலாத்தி, பனங்காடை, ஆள்காட்டி, மைனா என்று நம் ஊர்ப் பறவைகளை எல்லாம் இந்தப் புல்வெளிகளில் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பெயர் சொல்லிக் கொடுங்கள். இன்னொரு செய்தியும் சொல்லிக் கொடுக்கலாம். முவைலாவில் 1990களில் தொடங்கிய அகழாய்வில் இரும்புக் கால ஊர் ஒன்று வெளிப்பட்டது. தூண்கள் கொண்ட ஒரு மண்டபமும், ஒட்டக எலும்புகளும், சுடுமண் ஒட்டகப் பொம்மைகளும் கிடைத்தன. அந்த ஊர் ஏறத்தாழ கி.மு. 800 வாக்கில் தீயில் அழிந்தது. புதிய ஊர் என்று நாம் நினைக்கும் இடத்தின் வயது அவ்வளவு!

3. ஷார்ஜா தேசியப் பூங்கா: தைத் சாலையில் உள்ளது. வாகனப் பயம் இல்லை. தாத்தா பாட்டி நடக்க, அப்பா அம்மா ஓட, பிள்ளைகள் விளையாட என்று குடும்பத்தோடு போக ஏற்றது. மாலையில் பார்பிக்யூ கூட்டம் சேர்வதற்கு முன் போவது நல்லது.

4. காலித் காயல்: அல் மஜாஸ், புஹைரா கார்னிஷ் பக்கம் காரில் போய் ஓட வேண்டும். சமதளமான பாதை, தண்ணீர்க் காட்சி, உட்காரப் பெஞ்சுகள். ஆனால் ஈரப்பதம் முவைலாவைவிட அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

5. மலீஹா: நவம்பர் முதல் மார்ச் வரை மட்டும். செம்மணல், கருத்த குன்றுகள், இடையிடையே காஃப் மரங்கள். அமீரகத்தின் தேசிய மரமான இந்தக் காஃப், நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் வன்னி மரமேதான். அருகிலுள்ள ஃபாயா பகுதி 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மணலில் ஓடக் கெட்டியான தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். எனவே வழக்கமான தூரத்தில் பாதி போதும். தனியாகப் போகவே கூடாது.

எந்த நேரம் ஓடுவது?

ஜனவரியில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. காலையோ மாலையோ உங்கள் வசதி. ஆனால் மூடுபனி இறங்கிய காலைகளில் ஓட்டுநருக்கு நாம் தெரியமாட்டோம், பனி விலகும் வரை காத்திருங்கள். ஜூனில் ஐந்தரைக்கு முன்பே விடிந்துவிடும். கோடையில் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் தொடங்கி ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மாலையில் வெயில் தணிந்தாலும் பகலெல்லாம் காய்ந்த தார்ச்சாலையும் சுவர்களும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். காலையில் வெப்பம் குறைவு, ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. ஆகவே கோடையில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஜிம்மிலோ மாலில் நடையாகவோ பயிற்சியைத் தொடர்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்புபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். சில வாரங்கள் விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். எங்களோடு ஓடும் நண்பர் ஒருவர் ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாளே பழைய தூரத்தை ஓடி, பாதி வழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். குரோசரி பக்கத்தில் இருந்ததால் நிழலும் தண்ணீரும் உடனே கிடைத்தன. நிற்கும் இடத்தைப் பார்த்து வழி அமைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வெப்பத் தாக்குதலை அறிவோம்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல் – இவை முதல் எச்சரிக்கை. உடனே நின்று நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடியுங்கள். ஒருவர் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மயங்கினாலோ அது உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். 998க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்கள். அது வரும் வரை காத்திராமல் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். கடையில் கிடைக்கும் லபனில் தண்ணீர் விட்டு ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நம் ஊர் மோர் தயார்!

சாலையில் கவனம்

நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்த்தே பழகியிருக்கிறோம். இங்கே முதலில் இடப்பக்கம் பாருங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் இடது ஓரமாக, வண்டிகளை எதிர்நோக்கி ஓடுங்கள். பெரிய சாலைகளைப் பாலத்திலோ சிக்னலிலோ மட்டுமே கடக்க வேண்டும். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த போக்குவரத்துச் சட்டத்தில் இதற்கான தண்டனை கடுமையாகியுள்ளது. இருட்டில் வெளிர் நிற உடை, ஒளிரும் பட்டை அவசியம். ஷார்ஜாவின் முறைப்படி தோளையும் முழங்காலையும் மூடும் உடை அணியுங்கள்.

எட்டு வாரத் திட்டம்

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம்:

வாரம் 1, 2: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை
வாரம் 3, 4: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை
வாரம் 5, 6: 4 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை
வாரம் 7, 8: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை

ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். மாடிப்படி ஏறினாலே நெஞ்சு வலிப்பவர்களும் அப்படியே. இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். குடும்பத்துக்காகக் கடல் கடந்து வந்த நமக்கு உடம்புதான் முதல். இந்த வாரமே தாளும் பென்சிலும் எடுங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து உங்கள் தெருவின் படத்தை வரையுங்கள். முதல் நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். ஓட்டம் தானாக வரும்.