கியர் கரகரத்தால் முதலில் கிளட்சைப் பாருங்கள்

போன ஆயுத பூஜைக்குப் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாகக் கழுவி, பொட்டு வைத்து, வாசலில் நிற்கும் அவருடைய மோரிஸ் மைனர் அன்று கொட்டகையிலேயே கிடந்தது.

"கியர்பாக்ஸ் போச்சுப்பா. மாத்தணும்னு பட்டறையில சொல்லிட்டாங்க. அவ்வளவு காசுக்கு எங்க போறது? வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். தோட்டத்து லாரி ஓட்டிச் சேர்த்த காசில் வாங்கிய கார் அது. நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். கிளட்ச் படத்தைப் பரீட்சைக்கு வரைந்திருக்கிறேனே தவிர, கையால் தொட்டதில்லை. "ஒரு நாள் பொறுங்க தாத்தா" என்றேன்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பதுதான் கிளட்ச். பெடலை விட்டால் பிடிக்க வேண்டும், மிதித்தால் விட வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டில் ஒன்று தவறுவதுதான்.

பிடிக்காவிட்டால்: குனோங் ஜெராய் மாதிரி ஏற்றத்தில் எஞ்சின் அலறும், வேகம் கூடாது, கருகிய வாடை வரும். சோதிக்க, ஆளில்லாத சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, டாப் கியரில் பெடலை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும்.

விடாவிட்டால்: நின்ற இடத்தில் பெடலை முழுக்க மிதித்து, சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் கர்ரென்று சத்தம் வரும். இப்போது எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். எல்லாக் கியரும் சுலபமாக விழுந்தால் சந்தேகம் கியர்பாக்ஸ் மேல் அல்ல, கிளட்ச் மேல்.

தாத்தா காரில் அப்படித்தான் நடந்தது! நாலு கியரும் ரிவர்ஸும் வெண்ணெய் போல விழுந்தன.

மைனரில் பெடலுக்கும் கிளட்சுக்கும் இடையில் எண்ணெய்க் குழாய் கிடையாது, கம்பிதான். பெடலின் தொடக்கத்தில் கொஞ்சம் 'சும்மா அசைவு' இருக்க வேண்டும். அது குறைந்தால் கிளட்ச் வழுக்கும், ரிலீஸ் பேரிங்கும் தேயும். அளவுக்கு மீறினால் முழுசாக விடாது. அடியில் பார்த்தோம். இணைப்புப் பின் தேய்ந்து, துளை நீள்வட்டமாகியிருந்தது. துளையைச் சரிசெய்து, புதுப் பின் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்குக் கம்பியின் நட்டைத் திருகினோம். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. தாத்தா ஒன்றும் பேசவில்லை, துணி எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

இன்னும் சில அடையாளங்கள்:

- பெடலை மிதித்தால் மட்டும் சத்தம்: ரிலீஸ் பேரிங்.
- ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால்: அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம்.
- புறப்படும்போது உதறல்: கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், எஞ்சின் மவுண்டிங் தளர்ந்திருக்கலாம்.
- மைனரில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. ஓடும்போது போட்டால் கத்தும். அது கோளாறில்லை, நம்ம அவசரம்.

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

அந்தப் பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சத்தம் வந்த இடத்தையே நோய் என்று நினைத்துவிட்டார். நாமும் அடிக்கடி அப்படித்தான் முடிவு கட்டுகிறோம். உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு பழைய கார் தூங்கினால், விற்பதற்கு முன்னால் எஞ்சினை அணைத்து ஒரு தடவை கியர் போட்டுப் பாருங்கள்.