காயத்தை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

தோழியரே, வீட்டில் எவருக்காவது அடிபட்டால் வைத்தியசாலைக்குக் கூடச் செல்வது பெரும்பாலும் "இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை"தான். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் தமிழறியாத வைத்தியருக்கும் சிங்களமறியாத நோயாளிக்கும் இடையே இன்றும் பல வேளைகளில் ஆங்கிலமே பாலமாகிறது. ஆகவே பொது ஆங்கிலப் பரீட்சைக்காக மட்டுமன்றி, இதற்காகவும் சில சொற்களை நாம் பிரித்தறிய வேண்டும்.

விபத்திலோ விளையாட்டிலோ உடலுக்கு நேரும் எந்தப் பாதிப்பும் 'இன்ஜரி'. ஆயுதத்தால் ஏற்படுவதும், தோல் பிளந்த காயமும் 'வூண்ட்'. இதனை 'வவுண்ட்' என்று உச்சரித்தால் "சுற்றினான்" என்று பொருள் மாறிவிடும். எழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே.

தோல் சிராய்ந்தால் 'கிரேஸ்'. மாடு மேய்வதற்கும் இதே சொல்தான்! தோல் கிழியாமல் உள்ளே இரத்தம் கன்றினால் 'புரூஸ்'. மூட்டில் எலும்புகளை இணைக்கும் நார் இழுபட்டால் 'ஸ்ப்ரெய்ன்'; தசை இழுபட்டால் 'ஸ்ட்ரெய்ன்'. நாம் இரண்டையும் சுளுக்கு என்றே சொல்லிவிடுகிறோம். 'பிரெக்சர்' என்றால் வெறும் வெடிப்பு, 'புரோக்கன்' என்றால்தான் முறிவு என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

நெருப்போ சூடான சட்டியோ சுட்டால் 'பேர்ன்'. கொதிநீரோ ஆவியோ பட்டால் 'ஸ்கோல்ட்'. இரண்டுக்கும் முதலுதவி, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிப்பது. பற்பசையோ ஐஸோ வைக்கக் கூடாது.

சென்ற நோன்பில் கஞ்சிப் பானை சரிந்து, பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் கால் வெந்துவிட்டது. மாமியோடு நானும் சென்றேன். "எதனால்? எப்போது?" என்பதே வைத்தியர் ஆங்கிலத்தில் கேட்ட முதற் கேள்வி. காயத்தின் பெயரோடு காரணமும் நேரமும் தேவை என்று அன்று விளங்கியது.

சிகிச்சைச் சொற்களிலும் கவனம் வேண்டும். காயத்தின் மேல் நேரே வைப்பது 'டிரெஸிங்'. அதனை அசையாமல் சுற்றிக் கட்டுவது 'பெண்டேஜ்'. தையல்கள் 'ஸ்டிச்சஸ்'. 'எ பிளாஸ்டர்' என்றால் சிறு காயத்தில் ஒட்டுவது. கை 'இன் பிளாஸ்டர்' என்றால் முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. 'மை லெக் இஸ் பெயினிங்' என்பதைவிட 'மை லெக் ஹேர்ட்ஸ்' என்பதே சரியான வழக்கு.

பதற்றத்தில் நீண்ட வசனம் வராது. மூன்று சிறு வசனங்கள் போதும். நடந்தது: 'ஷி ஃபெல் ட்வென்ட்டி மினிட்ஸ் அகோ.' தெரிவது: 'ஹேர் ரிஸ்ட் இஸ் ஸ்வொலன்.' முடியாதது: 'ஷி கான்ட் மூவ் இட்.' விழுந்து இருபது நிமிடம், மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, அசைக்க முடியவில்லை என்பது வைத்தியருக்கு விளங்கிவிடும்.

இவற்றை உம்மாவுக்கும் தங்கைக்கும் சொல்லிக்கொடுங்கள். அடிபடும் நேரத்தில் நாம் வகுப்பறையில் இருக்கக்கூடும்.