அண்ணனின் குண்டும் தங்கச்சியின் வாயும்



இம்முறை பாடம் சின்னச் சாமான்களைப் பற்றியது. "இதுல படிக்க என்னா இருக்கு?" என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அதையே சத்தமாக வாசிக்கச் சொல்லி, எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்வோம். பின்னேரம். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவில் இருந்த பத்து மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பாயை விரித்துப் பிள்ளையை விட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போகிறாள். வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. வாசலில் குண்டு விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயது மகன் கூட்டாளிகளோடு இஸ்தோப்புக்குள் வந்து ஆட்டத்தைத் தொடர்கிறான். ஒரு குண்டு உருண்டு பாய்க்கடியில் போய்விடுகிறது. யாரும் கவனிக்கவில்லை. தவழ்கிற பிள்ளை கவனித்தது.

சற்று நேரத்தில் அப்பாயி கூப்பிடுகிறாள்: "என்னாடி, புள்ள சத்தமே காணோம்?" பிள்ளையின் வாய் திறந்திருக்கிறது, அழுகை வரவில்லை, உதடு நீலமாகிறது. அப்பாயி பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்ட, நல்ல காலம், குண்டு வெளியே வந்து விழுகிறது.

பிறகு மகனுக்கு நல்ல அடி. ஆனால் தவறு அவனுடையது மட்டுமா? குண்டை எங்கே வைப்பது என்று அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தோமா?

ஏன் இப்படி நடக்கிறது?

கைக்குழந்தை ஒரு பொருளைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். ஒன்பது மாதம் அளவில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து மிகச் சிறிய பொருளையும் பொறுக்கப் பழகிவிடும். ஆனால் அதன் மூச்சுக்குழாய் அதன் சுண்டுவிரல் பருமன்தான். கடைவாய்ப் பல் இல்லாததால் நன்றாக மெல்லவும் முடியாது. பெரியவர்களைப் போல பலமாக இருமித் தள்ளவும் முடியாது.

மூச்சு முழுவதும் அடைத்துவிட்டால் பிள்ளை கத்தாது. "அழுதா கேக்கும்தானே" என்று அடுப்படியில் இருப்பவர்கள் நம்பியிருக்கக் கூடாது.

எவை ஆபத்தான சாமான்கள்?

குண்டு, பாசிமணி, பொத்தான், பேனா மூடி, சோடா மூடி, சில்லறைக் காசு, விளையாட்டுக் காரின் சில்லு, பொம்மையின் கண், புளியங்கொட்டை, கச்சான், கடலை, உருண்டை டொபி. திருவிழாக் கடையில் வாங்கும் பலூன் மிகவும் மோசமானது. வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். குண்டுமணி அடைப்பதோடு நஞ்சும் ஆகும்.

வட்டப் பற்றரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். லைட் எரியும் விளையாட்டுச் சாமான், ரிமோட், கைக்கடிகாரம் ஆகியவற்றில் இருக்கும். இது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணித்தியாலத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். இரண்டு மூன்று காந்தத் துண்டுகளை விழுங்கினாலும் அவசரம்தான். குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலை ஓட்டையாக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரே காம்பராவில் எல்லோரும் இருக்கும்போது தனி இடம் கிடைக்காது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் முடிந்தவை உண்டு.

1. பெரிய பிள்ளைக்கு மூடியுள்ள ஒரு பால்மா டின்னைக் கொடுங்கள். அது அவனுடைய சொத்து. ஆட்டம் முடிந்ததும் குண்டுகளை எண்ணி டின்னில் போட்டு, உயரத் தட்டில் வைக்கட்டும். பத்து இருந்தால் பத்தும் வர வேண்டும். ஒன்று குறைந்தால், தேடி எடுத்த பிறகுதான் பாப்பாவைக் கீழே விட வேண்டும்.

2. ஒரு மட்டையில் நாலரை சென்றி மீற்றர் அகலத்துக்கு வட்ட ஓட்டை வெட்டுங்கள். அதற்குள் நுழையும் எந்தச் சாமானும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு வரக் கூடாது. இந்த வேலையைப் பெரிய பிள்ளையிடமே ஒப்படையுங்கள். அடி வாங்கிய பிள்ளை சாமானை ஒளிப்பான். பொறுப்புக் கொடுத்த பிள்ளை காவல் இருப்பான்.

3. பாயில் விடுமுன் நாமும் ஒருமுறை குனிந்து, பிள்ளையின் கண் உயரத்தில் தரையைப் பாருங்கள்.

4. ஐந்து வயது வரை முழுக் கச்சான், முழுக் கடலை வேண்டாம். வாயில் சாப்பாட்டோடு ஓடவும் விடாதீர்கள்.

அடைத்துவிட்டால்?

பிள்ளை பலமாக இருமினால், அழுதால், இருமவே விடுங்கள். பக்கத்திலேயே இருந்து பாருங்கள். இருமலும் சத்தமும் நின்றுவிட்டால் உடனே இதைச் செய்யுங்கள்:

ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தாடையைப் பிடித்து, தலை தாழ்ந்திருக்கச் செய்யுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் 5 தரம் தட்டுங்கள். வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடு எலும்பில் 5 தரம் அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். வயிற்றை அழுத்தக் கூடாது.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால், முன்னால் குனிய வைத்து முதுகில் 5 தரம் தட்டுங்கள். பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து, உள்ளும் மேலுமாக 5 தரம் இழுத்து அழுத்துங்கள்.

அதே நேரம் இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடட்டும். அதற்குக் காசு இல்லை. பிள்ளை நினைவிழந்து மூச்சு விடாவிட்டால், நெஞ்சை அழுத்தி வாயால் ஊதும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். இதை இப்போதே டிஸ்பென்சரியிலோ மருத்துவிச்சியிடமோ கேட்டுச் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை: கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் உள்ளே போகும். தண்ணீர் கொடுக்க வேண்டாம். சோற்று உருண்டை, வாழைப்பழம் கொடுத்து "கீழ தள்ளிவிடலாம்" என்று பார்க்க வேண்டாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடவும் வேண்டாம்.

இன்னுமொன்று. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென இருமல் வந்து அடங்கி, பிறகு நாள்கணக்கில் இருமலும் இளைப்பும் தொடர்ந்தால், "சளிதான்" என்று சும்மா இருக்காதீர்கள். பொருள் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கலாம். டொக்டரிடம் போனால், அன்றைக்கு நடந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம்

இன்றைக்கு ராத்திரி விளக்கணைக்கு முன், குடும்பமாகப் பாயைத் தூக்கி உதறிப் பாருங்கள். என்னென்ன விழுகின்றன என்று எண்ணுங்கள். பொறுக்கி டின்னில் போடும் வேலையை அண்ணனிடமும் அக்காவிடமும் கொடுங்கள். "ஒன்னாலதான் பாப்பாவுக்கு ஒன்னும் ஆகல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாளைக்கும் அதைச் செய்வார்கள்.